பத்துக்கு ஆறு

பிப்ரவரி 6, 2025

ஜொகூர் பாரு அரசாங்க மருத்துவமனைக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில்தான் குளுவாங் திரும்பினோம். எனக்குப் புரோஸ்டேட்டில் புற்றுநோய். அதைச் சொன்ன டாக்டருக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. மீ கோரேங் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரன் சொல்கிற குரலில் சொன்னான்: "சின்னதுதான் அங்கிள். பத்துக்கு ஆறு. இப்போதைக்கு ஒண்ணும் செய்ய வேணாம், பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

பார்த்துக்கொண்டே இருக்கலாமாம். நான் என்ன தூண்டில் போட்டுக்கொண்டா உட்கார்ந்திருக்கிறேன்?

காலமெல்லாம் கணிதம் கற்பித்தவன் நான். எஸ்.பி.எம். தேர்வுத் தாள்களைத் திருத்தித் திருத்தியே கண்ணாடியின் பவர் ஏறியவன். பத்துக்கு ஆறு என்றால் பாதியைத் தாண்டிவிட்டது. இது புரிய டாக்டர் பட்டம் வேண்டுமா?

காரில் மனைவி வசந்தினி சிம்பாங் ரெங்கம் வரை வாயே திறக்கவில்லை. அப்புறம், "கும்பிட்ட சாமி கைவிடாதுங்க" என்றாள். சாமி தாள் திருத்துவதில்லை என்றேன். அழுதாள். சொல்லியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 9

மகன் விஜயேந்திரன் சிங்கப்பூரிலிருந்து வந்தான். "அரசாங்க ஆஸ்பத்திரில கூட்டம் ஜாஸ்திப்பா. அதான் வெயிட் பண்ணச் சொல்றாங்க லா. நல்ல சர்ஜன் ஒருத்தர் இருக்கார், ரோபோ வெச்சு எடுத்துடுவார்." பிறந்ததிலிருந்து அவன் பேசிய முதல் உருப்படியான பேச்சு.

பிப்ரவரி 11

தைப்பூசம். எதிர்வீட்டுச் சபாபதி நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றான், கையில் ஒரு கட்டு டுரியான் பெலாண்டா இலை, அதுதான் முள்சீத்தா. "கொதிக்க வெச்சுக் குடிங்க சார். என் மச்சானுக்கு இதுலதான் கட்டி கரைஞ்சுது." இவன் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன், இப்போது புற்றுநோய் நிபுணர். இவனிடம் யார் சொன்னது? வேறு யார், வசந்தினிதான். இலைகள் குப்பைத்தொட்டியில் கிடக்கின்றன.

பிப்ரவரி 24

மறுமதிப்பீடு கேட்டேன். மார்க் சரியில்லை என்று பெற்றோர் வந்து நின்றபோதெல்லாம் நான் தாளை எடுத்து இன்னொரு முறை பார்த்திருக்கிறேன். எனக்கு மட்டும் அந்த உரிமை கிடையாதா? மீசையில்லாத டாக்டர் தலையைச் சொறிந்துவிட்டு, நோய்க்கூறியல் பிரிவுக்கு ஃபோன் போட்டான்.

டாக்டர் லோஷினி. என் உடம்பிலிருந்து ஊசியால் எடுத்த சதையைப் பார்த்து மார்க் போட்டது இந்தப் பெண்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் நுண்ணோக்கியின் மறுபக்கம் என்னை உட்கார வைத்தாள். அங்கிள் என்று கூப்பிடவில்லை. அதுவரை சரி.

ஊதா நிறத்தில் குட்டிக் குட்டி வளையங்கள். "இதுதான் சார் உங்க கேன்சர். ஒவ்வொரு வளையமும் தனித்தனியா, நடுவுல இடம் விட்டு நிக்குது பாருங்க. இதுக்கு மூணு." வேறு யாருடையதையோ வைத்தாள். வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிக் கிடந்தன. அதற்கு நாலு. இன்னொன்றில் வளையமே இல்லை, செல்கள் ஒற்றை ஒற்றையாகச் சிதறி ஊடுருவியிருந்தன. அதற்கு ஐந்து. "அதிகமா தெரியிற ரெண்டு வகையோட எண்ணைக் கூட்டுவோம். உங்களுக்கு எங்க பார்த்தாலும் மூணுதான். மூணும் மூணும் ஆறு."

"ஒண்ணு, ரெண்டெல்லாம் யாருக்குப் போடுவீங்க?"

"இப்போ யாருக்குமே போடறதில்ல சார்."

"அப்போ ஆறுதான் ஆகக் கீழா?"

"ஆமா. அது பழைய அளவுகோல். குழப்பம் வரக்கூடாதுன்னு பக்கத்துலயே முதல் பிரிவுன்னும் எழுதறோம்."

அலமாக்! ஆறில் தொடங்கும் அளவுகோல். பயிற்சி ஆசிரியன் ஒருவன் இப்படி ஒரு மதிப்பெண் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தால், அவன் முன்னாலேயே கிழித்துப் போட்டிருப்பேன்.

அவள் விடவில்லை. அறுவை செய்து முழுசாக எடுத்த சுரப்பிகளை ஆயிரக்கணக்கில் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்திருக்கிறார்களாம். இந்த மூன்று மட்டுமே இருந்தவர்களுக்கு நோய் வெளியே பரவியது அநேகமாக இல்லையாம். வேறு காரணத்தால் இறந்த கிழவர்களைச் சோதித்தால் பலருக்கு உள்ளே இது இருக்கிறதாம், அவர்களுக்கே தெரியாமல். "எல்லாக் கேன்சரும் எழுந்து நடக்கறதில்ல சார். சிலது உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்திருக்கும்."

"ஊசி படாத இடத்துல நாலு ஒளிஞ்சிருந்தா?"

"இருக்கலாம் சார். அதனாலதான் ரத்தம், ஸ்கேன், மறுபடியும் ஊசின்னு விடாம பார்க்கிறோம்."

பிடித்தேன். இருக்கலாம். இத்தனை ஆராய்ச்சி, இத்தனை கண்ணாடித் துண்டு, கடைசியில் 'இருக்கலாம்'. இந்த விடைக்கு நான் அரை மார்க் கூடப் போடமாட்டேன்.

வளையங்கள் ஒழுங்காகத்தான் நின்றன. அதற்காக உள்ளே குடிவைத்துக்கொள்வதா?

மார்ச் 3

"அந்தப் பொண்ணு சொன்னபடி ஒரு வருஷம் பார்த்தா என்னங்க?" — வசந்தினி. சர்ஜனிடம் நேரம் வாங்கச் சொல்லி விஜயேந்திரனுக்கு ஃபோன் போட்டேன்.

மார்ச் 16

விஜயேந்திரன் சொன்ன சர்ஜனைப் பார்த்தோம். சுவர் முழுக்க அவர் கோல்ஃப் ஆடும் படங்கள். அவரும் ஆரம்பத்தில் காத்திருப்பது பற்றி ஏதோ சொன்னார். கையை உயர்த்தி நிறுத்தினேன். அறுவைக்குப் பின் சிறுநீர் கட்டுப்படாமல் போகலாம், சிலருக்கு அப்படியே நின்றுவிடும் என்றார். சிலருக்கு. எந்த வகுப்பிலும் சிலர் தேறுவதில்லை, நான் அந்தச் சிலரில் ஒருநாளும் இருந்ததில்லை.

மே மாதம் தேதி கொடுத்திருக்கிறார்.

மே 13

எடுத்தாயிற்று. வலி. ஆனால் நிம்மதி.

மே 23

சிறுநீர்க் குழாயைக் கழற்றினார்கள். எழுந்து நின்றதும் தொடை நனைந்தது. நர்ஸ், "பழகிடும் அங்கிள், போகப் போக சரியாகும்" என்றாள். யாருக்கடி அங்கிள்?

ஜூன் 11

எடுத்த சுரப்பியை முழுவதும் வெட்டிப் பார்த்த அறிக்கை வந்துவிட்டது. ஆறு. ஒரே இடம், மிகச் சிறியது. வேறு எங்கும் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. நாலு இல்லை. ஐந்து இல்லை.

"ஆல் கிளியர்ப்பா!" என்று விஜயேந்திரன் ஃபோனில் கத்தினான். வசந்தினி கோயிலுக்குப் பால் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

நான் அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பெண் சொன்னதேதான். எனக்கு ஏன் சந்தோஷமே வரவில்லை?

ஜூலை 20

சரியாகவில்லை. இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால். பயிற்சி செய்யச் சொன்னார்கள், செய்கிறேன். டயப்பர் வாங்கித் தரச் சொல்லி விஜயேந்திரனிடம் கேட்க மனம் வரவில்லை. என்னைத் தெரியாத கடையாகத் தேடி நானே பத்து பஹாட் வரை காரை ஓட்டிக்கொண்டு போகிறேன். வசந்தினிக்குத் தெரியும். அவள் கேட்பதில்லை, அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 24

கோயில் மண்டபத்தில் புற்றுநோய் விழிப்புணர்வு நாள். "புற்றுநோயை வென்ற வீரர் திரு. குகநாதன்" என்று பேனர். எவன் எழுதினானோ. மாலை போட்டார்கள். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். ஆட்டு மந்தை. நான் எதை வென்றேன்? உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றை, உதைத்துக் கிளப்பி, என்னையும் கெடுத்துக்கொண்டேன். இதற்குக் கைதட்டல்.

பேசிக்கொண்டிருக்கும்போதே நனைந்துவிட்டது. நன்றி என்று ஒரு வார்த்தையோடு முடித்துவிட்டு, மாலையை இடுப்புக்குக் கீழே பிடித்தபடி வெளியே வந்தேன். எவ்வளவு அடக்கம் என்றானாம் சபாபதி.

மடையன். அவனைச் சொல்லி என்ன. நாந்தான் பெரிய மடையன். எனக்குப் புரியாததெல்லாம் தப்புன்னு நெனச்ச மடையன்.

செப்டம்பர் 15

லோஷினி ஃபோன் செய்தாள். ஆறு மார்க் வாங்கிய கட்டிகளில் எது உட்கார்ந்தே இருக்கும், எது கிளம்பும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஓர் ஆய்வு. காத்திருந்தவர்களுடையதும் வேண்டுமாம், வெட்டிக்கொண்டவர்களுடையதும் வேண்டுமாம். என் சதையைத் தரச் சம்மதமா?

"என்னோடது உட்கார்ந்தே இருந்திருக்குமா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் இருந்திருக்கும் சார். உறுதியா சொல்ல எனக்குத் தெரியாது."

அதே விடைதான். இந்த முறை நான் மார்க் குறைக்கவில்லை. எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அக்டோபர் 29

சபாபதி வந்தான். விபூதி இல்லை. வழக்கமான சத்தமும் இல்லை. வசந்தினி கொடுத்த காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கும் வந்திருச்சு சார். அதே இடம். பத்துக்கு ஆறுன்னாங்க. சும்மா பார்த்துக்கிட்டு இருக்கலாமாம். உள்ள பாம்பை வெச்சுக்கிட்டு எப்படி சார் தூங்கறது? நீங்க துணிஞ்சு எடுத்துட்டீங்க, இப்போ ராஜா மாதிரி இருக்கீங்க. அந்தச் சர்ஜன் நம்பர் குடுங்க."

ராஜா.

நம்பரைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஊரில் நான் வீரனாகவே இருந்திருக்கலாம். அறைக்குள் வா என்றேன். இத்தனை வருடத்தில் இந்த மனிதனை வரவேற்பறையைத் தாண்டி விட்டதில்லை. அலமாரியைத் திறந்தேன். என் சட்டைகள் இருந்த தட்டு முழுக்க இப்போது டயப்பர் பொட்டலங்கள்.

"இது யாருக்கு சார்?"

"எனக்கு. மே மாசத்துலேருந்து."

ஏதாவது உளறுவான் என்று நினைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்போ நான் என்ன சார் பண்றது?" என்றான். அந்தக் குரலில் பயம் மட்டும்தான் இருந்தது. பிப்ரவரியில் எனக்கும் இதே பயம்தான் இருந்திருக்கிறது, நான் அதற்குக் கணக்கு என்று பேர் வைத்திருந்தேன்.

லோஷினியைக் கூப்பிட்டேன். இன்னொரு தாள் இருக்கிறது, சபாபதியுடையது, அவனையும் கூட உட்கார வைத்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். நாளைக்கு வரச் சொன்னாள்.

என் காரில் போகிறோம். வழியில் மச்சாப் ஓய்விடத்தில் ஒருமுறை நிறுத்த வேண்டியிருக்கும், எனக்காகத்தான் என்று சபாபதியிடம் சொல்லிவிட்டேன்.