ஆறாவது போல்ட்

நாள் 211, காலை 06:10
சனியின் நிலா டைட்டன், மீத்தேன் ஏரிக்கரை

இதைக் கண்டெடுக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். வண்டி எந்த மேட்டில் நிற்கும், எந்தப் பாகம் மக்கர் பண்ணும் என்பதுவரை சொன்னேன். எவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெயர் அர்த்தநாரி. ஊர் சங்ககிரி. நாற்பத்திரண்டு லாரி இன்ஜின்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப் பூட்டியவன். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் இங்கே விஞ்ஞானிகளே என்னிடம்தான் சந்தேகம் கேட்கிறார்கள்.

நிலவரம்: வண்டி நின்றுவிட்டது. நிலையம் ஐந்து மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது. வண்டிக்குள் கல் ஆராய்ச்சி செய்யும் எஸ்தர், பாளையங்கோட்டைக்காரி. நான் கவச உடையில் வெளியே. குளிர் சுழியத்துக்குக் கீழே 179 டிகிரி. வண்டியின் ரேடியோ செத்துவிட்டது; உள்ளே எஸ்தரோடு பேச என் கவசத்திலிருந்து ஒரு கம்பி போகிறது. நிலையத்தோடு பேச என் தலைக்கவச ரேடியோ ஒன்றுதான் பாக்கி.

இங்கே இன்ஜின் நம்மூருக்குத் தலைகீழ். எரிவாயு வெளியே ஏரியேரியாகக் கிடக்கிறது. டாங்கில் நிரப்பிக்கொண்டு வருவது ஆக்சிஜன். அந்த ஆக்சிஜன் பம்ப்பில் அடைப்பு. மூடியைக் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். மூடியில் ஆறு போல்ட். அரைமணி வேலை.

07:05

ஐந்து போல்ட்டும் சொன்ன பேச்சுக் கேட்டு வந்தன. ஆறாவதன் தலையைத் துடைத்துப் பார்த்தேன். எந்தப் பாவியோ பன்னிரண்டாம் நம்பர் போல்ட்டுக்குப் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரைப் போட்டுத் திருகியிருக்கிறான். ஆறு முனையும் தேய்ந்து, சப்பித் துப்பிய நெல்லிக்கொட்டை மாதிரி நிற்கிறது. அது போதாதென்று மேலே பசையை அப்பியிருக்கிறான். பசைக்குள் ஒரு மயிர். மனிதத் தலைமயிர். நூற்று நாற்பது கோடி கிலோமீட்டர் தாண்டி வந்து எவன் மயிரையோ கிள்ளி எடுக்கிறேன். த்தூ. துப்பவும் முடியாது. முகத்துக் கண்ணாடியிலேயே வழியும்.

உள்ளிருந்து எஸ்தர்: "அண்ணாச்சி, நீங்க சொல்லச் சொல்ல எழுத்து இங்க திரையில ஓடுது. நேத்து இருவது லாரின்னுதான சொன்னீய? ஒரே நாள்ல இருவத்திரெண்டு வண்டி எங்கேருந்து வந்துச்சு?"

என் பதில்: "அம்மிணி, நீ கல்லை எண்ணு. லாரிய நான் எண்ணிக்கிறேன்."

08:40

உளியை ஓரத்தில் வைத்துத் தட்டினால் போல்ட் சுற்றும். இது என் கண்டுபிடிப்பு. ஆனால் இந்தக் குளிரில் இரும்பு கண்ணாடிக்குச் சமம். மூன்றாவது தட்டில் உளிமுனை தெறித்தது. தெறித்த துண்டை அந்தரத்திலேயே பிடித்துவிட்டேன்.

தார் பெய்கிறது. ஆரஞ்சு நிறப் பிசின், சளி மாதிரி. ஸ்பானரில், கையுறையில், கண்ணாடியில் எல்லாம் ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது. நேற்று என் முழங்கையில் ஒட்டி உள்ளே வந்த பிசின் சூட்டில் இளகி, கருகிய டயரும் அழுகிய முட்டையும் கலந்த நாற்றம் அடித்தது. எஸ்தர் சாப்பிட்டதை வெளியே எடுத்துவிட்டாள். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

10:15

கடைசி வழி. தேய்ந்த தலைமேல் பெரிய நட் ஒன்றைக் கவிழ்த்து, இரண்டையும் வெல்டு வைத்து ஒட்டிவிட்டால் ஸ்பானருக்குப் புதுப்பிடி கிடைக்கும். ஆக்சிஜனை அடைத்துவிட்டேன். இல்லாவிட்டால் பொறி பட்டதும் நாங்கள் வாணவெடி.

எஸ்தர்: "பேட்டரிய வெல்டிங்குக்குக் குடுத்தா உள்ள ஆறு மணி நேரத்துக்குத்தான் சூடு வரும். அதுக்குள்ள இன்ஜின் ஓடலைன்னா நான் ஐஸ் மீனு அண்ணாச்சி."

என் பதில்: "ஓடும். நான் தொட்ட இன்ஜின் எது ஓடாம இருந்துச்சு?"

எஸ்தர்: "இதுதான். ரெண்டு நாள் முன்ன நீங்கதான தொட்டீய."

பேட்டரிக் கம்பியை இழுத்து வெல்டிங்குக்கு மாட்டினேன்.

11:30

போல்ட் வந்துவிட்டது. வந்த விதம்தான் கண்ணால் பார்க்க முடியவில்லை. துளைக்குள் இருந்த திருகுமரையையும் உரித்துக்கொண்டு வந்திருக்கிறது. பல்லிடுக்கில் சிக்கிய கறிநார் மாதிரி, போல்ட் முழுக்க உலோக நூல் தொங்குகிறது. துளை மொழுமொழுவென்று ஆகிவிட்டது. இனி எந்தப் போல்ட்டும் அதில் நிற்காது.

அடைப்பை எடுத்துத் துடைத்தேன். ஐந்து போல்ட்டைப் போட்டு மூடினேன். ஆறாவது மூலையில் ஆக்சிஜன் கசிகிறது. கட்டுக்கம்பி போட்டால் சேமியா மாதிரி ஒடிகிறது. ஆக்சிஜன் கசியும்போது வெல்டு நினைக்கவே கூடாது. இப்படியே விட்டால் ஒரு மணி நேரத்தில் டாங்க் காலி.

கடப்பாரை முனையை அந்த மூலையில் ஊன்றி, என் எடை முழுவதையும் போட்டு அழுத்தினால் கசிவு நிற்கிறது. ஆகவே வண்டி ஓடும்போது நான் வெளியே, இன்ஜின் மேலேயே படுத்து அழுத்திக்கொண்டு போக வேண்டும். பாதை ஐந்து மணி நேரம். என் கவசத்தில் சூடு இரண்டு மணி நேரம்.

எஸ்தர்: "அப்படின்னா நான் வண்டிய ஓட்டமாட்டேன். இல்லன்னா பாதி வழியில நான் வந்து மாறிக்கிடுதேன்."

என் பதில்: "மாறுற அரைமணி நேரத்துல பாதி டாங்க் போயிரும் அம்மிணி. வண்டிய நிறுத்துனா மறுபடி கிளப்பப் பேட்டரியும் இல்ல. கம்முனு இரு, ரேடியோவுல யாரோ கூப்புடறாங்க."

11:50

நிலையத்திலிருந்து குணாளன்: "மாமா, நாங்க இன்னொரு வண்டிய எடுத்துட்டு எதுக்கால வர்றோமுங்க. ரெண்டு மணி நேரத்துல வெள்ளப்பாறைகிட்ட பாத்தர்லாமுங்க. அதுவரைக்கும் புடிச்சுட்டு இருங்க."

எஸ்தருக்குச் சொன்னேன். "மெய்யாவா?" என்றாள்.

என் பதில்: "என்னைய நம்பாத. குணாளன நம்பு. அவன் பொய் சொல்ற ஆளா?"

12:05

முதல் உதையிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. உள்ளே சூடு ஏறுகிறது என்கிறாள். கிளம்பிவிட்டோம்.

13:20

சக்கரம் வாரி அடிக்கிற சேறு முழுக்க என் முதுகில். கண்ணாடிக்குள் என் மூச்சே உறைந்து, மூக்குச்சளி மீசையில் கம்பியாக நிற்கிறது. கவசத்து மூத்திரப் பை உறைந்து கட்டியாகித் தொடையில் செங்கல்லாக இடிக்கிறது. இந்தப் பிழைப்புக்கா ராக்கெட் ஏறினேன்? சீ.

இடது கை விரல்கள் இருப்பதாகவே தெரியவில்லை. கசிவு இல்லை.

14:02

எஸ்தர்: "வெள்ளப்பாறை தாண்டியாச்சு அண்ணாச்சி. வண்டியக் காணமே?"

என் பதில்: "சேத்துல மெதுவா வர்றானுங்க. நிறுத்தாத. நிறுத்துனா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

14:25

கவசச் சூடு தீர்ந்துவிட்டது. கவசப் பட்டையால் என்னையும் கடப்பாரையையும் வண்டியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டேன். பட்டை மட்டும் போதாது, மேலே எடை வேண்டும். விறைத்துப்போனால் உடம்பு நழுவாது. இன்னும் கெட்டியாகவே அழுத்தும். நிலையத்துக்கு இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம். அவள் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

என்னைப் பிரித்தெடுக்கிறவர்களுக்கு: வெந்நீர் ஊற்றுங்கள். உளி வைத்துத் தட்டாதீர்கள்.

14:31

14:25-லிருந்து எதுவும் அவள் திரைக்குப் போகாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். எதிரே வண்டி எதுவும் இல்லை. குணாளன் பேசவே இல்லை. அது நான் கட்டிவிட்ட பொய். என் ரேடியோவில் நிலையம் காலையிலிருந்தே கிடைக்கவி