புதுக் கம்ப்யூட்டரின் அவசரம்

ஜூன் 14, சனி.

கண்ணை மூடினால் என் ஆலையில் வேலை செய்யும் கஸ்தூரியின் கைதான் தெரிகிறது. மாம்பழக்கூழ் டப்பாவுக்கு மூடி அழுத்தும் மிஷினில், சாய்ந்த டப்பாவை நிமிர்த்தக் கை விட்டாள். உள்ளே கை இருந்தால் சென்சார் சொல்லும், மிஷின் நின்றுவிடும். இன்று நிற்கவில்லை.

"வளையல்தான் நொறுங்குச்சி நைனா, கை இங்கதான் கீது," என்று சிரித்தாள். நான் ஓடிப்போய் மிஷினை அணைத்தேன்.

திருப்பதியிலிருந்து மெக்கானிக் சீனு வந்து பார்த்தான்.

"சென்சார் பதில் சொல்றதுக்கு இத்துனூண்டு டைம் புடிக்கும்ணா. அதுவரைக்கும் கம்ப்யூட்டர் சும்மா நம்பர் எண்ணிக்கினு நிக்கணும்னு, மிஷினை ஓட்டற டிரைவர் புரோகிராம்ல எழுதி வெச்சிகீறாங்க. பழசு மெதுவா எண்ணிச்சி. நீங்க வாங்கியாந்த புதுசு சட்டுனு எண்ணி முட்சிட்டு, பதில் வர்றதுக்குள்ள அழுத்திடுது."

வேகமானதாக வேண்டும் என்று பேரம் பேசி வாங்கியவன் நான்தான். புரோகிராமை மாற்றும் வரை மிஷினைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பழம் அழுகினால் அழுகட்டும்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. புத்தூரில் மச்சானிடமும் இதே மிஷின். என் பேச்சைக் கேட்டு இதே கம்ப்யூட்டரைப் போன வாரம் மாட்டினான். அங்கே இப்போது ராத்திரி ஷிப்ட் ஓடும். திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறேன், மணி அடிக்கிறது, எடுக்கமாட்டேன் என்கிறான். வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன்.