ஒரே படை, இரண்டு ஷிப்ட்

5 நவம்பர் 2024, செவ்வாய்

முதியோர் இல்லத்துச் சமையலறையில் இன்றைக்கும் ஓர் ஆள் குறைவு. என் பாத்திரங்களைக் கழுவியதும் நான்தான், வராதவளுடைய பாத்திரங்களைக் கழுவியதும் நான்தான். பஸ்ஸில் நின்றபடியே கண் சொருகிவிட்டது. டீட்டிகோன் ஸ்டேசனில் இறங்க வேண்டியவள், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன்.

கதவடியில் நிருசன் ஜாக்கெட்டும் சப்பாத்துமாக நின்றார். பார்சல் கிடங்கில் அவருக்குப் பின்னேரம் தொடங்கி நடுச்சாமம் தாண்டும்வரை வேலை. நான் விடிய எழும்பிப் போகும்போது அவர் நித்திரை. கதவடியில் காணும் இந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. இதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஊபர்காப’. ஷிப்ட் மாறும்போது வேலையை அடுத்த ஆளிடம் ஒப்படைப்பதற்கு இந்த நாட்டு மொழியில் அப்படித்தான் சொல்வார்கள்.

“சாருஜா மத்தியானம் சோறு சாப்பிடேல்லை. நாளைக்குக் கிண்டர்கார்டனால காட்டுக்குப் போகினமாம், பூட்ஸ் வேணும். உடுப்புக் காயப்போட்டிருக்கு. வாறன்.”

“ஓம், போட்டு வாங்கோ.”

அவர் முகத்தைப் பார்த்தேனா? யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் இல்லை.

8 நவம்பர், வெள்ளி

தம்பி சயன் தன்னுடைய பழைய கணினியைத் தந்தபோது அதற்குள் ஒரு ராசா காலத்து விளையாட்டும் இருந்தது. ஊர் கட்டுவது, படை திரட்டுவது, கோட்டை பிடிப்பது. நானும் நிருசனும் ஒரே ராச்சியத்தைத்தான் ஆளுகிறோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கொஞ்சம் விளையாடிச் சேமித்து வைப்பார். மகள் சாருஜா படுத்த பிறகு நான் அதே இடத்திலிருந்து தொடருவேன். அவர் வயல் விதைப்பார், கிணறு தோண்டுவார். நான் சண்டைக்குப் போவேன். அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. கதவடியில் பூட்ஸும் மருந்தும் சொல்லவே நேரம் காணாது.

தளபதிக்கு இவர் ‘தில்லைநாதன்’ என்று பெயர் வைத்திருக்கிறார். எங்களுக்குக் கல்யாணம் பேசிய மாமாவின் பெயர். லிஃப்டுக்குள் ஏறவே மூச்சு வாங்கும் மனிதரைக் குதிரையில் ஏற்றி, கையில் வாளும் கொடுத்திருக்கிறார்! விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

13 நவம்பர், புதன்

அலுப்பு. விளையாடவில்லை. சீப்பால் தலைகூட இழுக்கவில்லை.

18 நவம்பர், திங்கள்

ஊபர்காபவில் இன்றைக்கு ஒரு புதுச் செய்தி, அவருடைய ஷெஃப்பிடமிருந்து; இங்கே மேலதிகாரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“ஷெஃப் கேட்டவர், இரவு வேலையை நிரந்தரமாப் போடட்டோ எண்டு. மாதம் முடியிறதுக்குள்ள சொல்லவேணுமாம். உமக்கு எப்பிடி?”

“உங்களுக்கு எது வசதியோ.”

பஸ் வந்துவிட்டது. அவர் ஓடினார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வேண்டாம் என்பது வாய்வரைக்கும் வந்தது. ஆனால் பகலில் பிள்ளையோடு இருப்பது அவருக்கு விருப்பம். கிண்டர்கார்டனில் ஏற்றுவதும் இறக்குவதும் அவர்தான். அவருடைய நிம்மதியை நான் ஏன் கெடுக்க? என் தனிமையை நான் பார்த்துக்கொள்வேன். பெரிய தியாகி நான்.

21 நவம்பர், வியாழன்

ஆற்று முனையில் இருக்கும் கற்கோட்டையை முற்றுகையிட்டுவிட்டேன். எங்களிடம் இன்னும் ஒரு கோட்டைகூட இல்லை, மரவேலிதான். ஒவ்வொரு மாரிக்கும் கொள்ளைக்காரர் வந்து இவருடைய வயல்களைக் கொளுத்திவிட்டுப் போகிறார்கள். இந்தக் கோட்டை கையில் வந்தால் அது நிற்கும்.

நேற்று ஒரு கல்லெறி இயந்திரம் செய்து வைத்திருந்தேன். இன்றைக்குத் திறந்து பார்த்தால் பக்கத்தில் இன்னொன்று நிற்கிறது. பின்னால் தானிய வண்டிகள் வரிசையாக வருகின்றன. எல்லாம் அவர் அனுப்பியவை. படைக்குச் சாப்பாடு காணாது என்று நான் சொல்லவே இல்லை, தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். நல்ல மனுசன்.

25 நவம்பர், திங்கள்

மதில் உடைந்தது! கல் பொலபொலவென்று ஆற்றுக்குள் விழுந்தது. உள்ளே போகவா என்று விளையாட்டு கேட்டது. பட்டனில் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

இது எங்கள் முதல் கோட்டை. அவருடைய தானியத்தைத் தின்றுதான் இந்தப் படை இவ்வளவு தூரம் வந்தது. நாளைக்கு அவரே உள்ளே போகட்டும். கணினியைத் திறந்ததும் உடைந்த மதிலைப் பார்த்து எப்படிச் சந்தோசப்படுவார்! கம்பளியை விற்று, ஒரு பாலத்தைத் திருத்தி, விளையாட்டில் அந்த மாதத்தை முடித்துச் சேமித்தேன்.

26 நவம்பர், செவ்வாய்

அவர் கோட்டையைப் பிடிக்கவில்லை. கிணறு தோண்டியிருக்கிறார். கவனிக்கவில்லையோ? இவ்வளவு பெரிய ஓட்டை தெரியாமல் போகுமா? நானும் தொடவில்லை. ஆப்பிள் மரம் நட்டேன்.

27 நவம்பர், புதன்

இன்றைக்கும் பிடிக்கவில்லை. மீன் குளம் வெட்டியிருக்கிறார். படையும் தில்லைநாதன் மாமாவும் பனிக்குள் விறைத்துப்போய் நிற்கிறார்கள். எனக்குச் சாடையாகக் கோபம். ஆனாலும் தொடவில்லை.

28 நவம்பர், வியாழன்

எல்லாம் போய்விட்டது.

திறந்தவுடன் கறுப்பில் ஓர் அறிவித்தல். வடக்கிலிருந்து எதிரிக்கு உதவிப் படை வந்து, மதிலுக்கு வெளியே நின்ற எங்கள் படையை அடித்து முடித்திருக்கிறது. தில்லைநாதன் விழுந்தார். மதிலை மறுபடி கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு விளையாட்டுக்குப் போய் அழுவேனா என்று கேட்டால் — அழுதேன். தேம்பித் தேம்பி அழுதேன்.

29 நவம்பர், வெள்ளி

இன்றைக்கு ஊபர்காபவில் பூட்ஸும் இல்லை, சோறும் இல்லை.

“ஏனப்பா கோட்டையைப் பிடிக்கேல்லை?”

“நீர் பிடிப்பீர் எண்டு விட்டனான். கஷ்டப்பட்டு உடைச்சது நீர்தானே.”

“நான் உங்களுக்கெண்டெல்லோ விட்டு வச்சனான்!”

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. இன்றைக்கு முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருக்கிறது. எப்போதிலிருந்து இப்படி?

பாத்திரம் கழுவும்போதுதான் நெஞ்சில் இடித்தது. இரவு வேலை விசயத்திலும் நாங்கள் இப்படித்தான் மதிலுக்கு வெளியே நிற்கிறோமோ?

30 நவம்பர், சனி

கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“உங்களுக்கு இரவு வேலை பிடிச்சிருக்கோ?”

“விசரே உமக்கு? ஆருக்குப் பிடிக்கும்?”

“அப்ப ஷெஃப்பிட்டை என்ன சொன்னனீங்கள்?”

“வியாழக்கிழமையே கையெழுத்து வச்சிட்டன். நீர்தானே பிள்ளையை ஒருத்தரிட்டையும் விடமாட்டன் எண்டனீர்.”

ஐயோ, அது எப்ப சொன்னது! அவள் பிறந்து ஆஸ்பத்திரியால வந்த கிழமை சொன்னது! அதை இவ்வளவு காலமும் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார் மனுசன். ஒருக்கா, ஒரேயொருக்கா என்னைக் கேட்டிருந்தால் — கேட்டவர்தான். “உமக்கு எப்பிடி” என்று கேட்டவர்தான். நான்தானே வசதி, கிசதி என்று பெரிய மனுசி மாதிரி —

எழுத ஏலாது.

5 டிசம்பர், வியாழன்

இந்தக் கிழமை முழுக்க அவர் ஆள் சேர்த்திருக்கிறார். பெரிய படை இல்லை. புதுத் தளபதிக்குப் பெயர்கூட வைக்கவில்லை, விளையாட்டு கொடுத்த பெயரையே விட்டுவிட்டார். எனக்கும் வைக்க மனம் இல்லை.

மதில் பழையபடி முழுதாகக் கட்டி முடியவில்லை. கல்லெறி இயந்திரத்துக்குக் காத்திருக்காமல் ஏணிகளோடு போனேன். பாதிப்பேர் அகழியிலேயே விழுந்துவிட்டார்கள். மிச்சப்பேர் ஏறினார்கள். பட்டனை அழுத்த இம்முறை யோசிக்கவில்லை, அவருக்கென்று வைக்கவும் இல்லை. கதவு திறந்தது, எங்கள் கொடி ஏறியது. உள்ளே பார்த்தால் ஒரு முற்றம், ஒரு குதிரை லாயம், நாலைந்து புகைபோக்கி. இவ்வளவுக்குத்தானா இந்தப் பாடு? ஊரைச் சூறையாடவா, குடியிருக்கவா என்று கேட்டது. குடியிருக்க என்று போட்டேன்.

துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். கதிரையில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன்.

6 டிசம்பர், வெள்ளி

“கோட்டை பிடிச்சிட்டன்,” என்றேன்.

“பார்த்தனான். ஏணியிலயோ ஏறினீர்? பொல்லாத ஆள்தான்.”

“இன்னுமொண்டு. எனக்கு நீங்கள் பின்னேரங்களில வீட்டில வேணும். உங்களுக்கு எது வசதி எண்டு நான் இனிக் கேக்கமாட்டன். எனக்கு இதுதான் வேணும்.”

அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே குனிந்தபடி இருந்தார். கையெழுத்துத்தான் வைத்தாயிற்றே, இனிக் கதைத்து என்ன என்று நினைத்தாரோ தெரியாது. “வாறன்” என்று மட்டும் சொன்னார்.

நாள் முழுக்க நின்று வேலை செய்வதால் வரும் கால்வலி இரண்டு நாளாக இல்லை, இன்றைக்குத் திரும்ப வந்துவிட்டது.

9 டிசம்பர், திங்கள்

ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் உப்பு முடிந்துவிட்டது.

10 டிசம்பர், செவ்வாய்

பருப்பு அடுப்பில் இருக்கும்போது நிருசன் வேலையிடத்திலிருந்து போன் எடுத்தார். இடைவேளையில் அவர் போன் எடுப்பதே இல்லை. அவருக்கு என்னவோ ஏதோ என்று பயந்து, “என்னப்பா, என்ன?” என்று கத்திவிட்டேன். பின்னால் பெட்டிகள் ஓடும் சத்தம்.

“கௌரி, ஒண்டுமில்லை, பயப்பிடாதையும். ஏப்ரலில பகல் ஷிப்டில ஒரு இடம் வருதாம். ஷெஃப்பிட்டைப் பேர் குடுத்திட்டன். பிள்ளை மத்தியானத்தில கிண்டர்கார்டனிலயே சாப்பிடட்டும்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“குடுக்கட்டோ எண்டு உம்மட்டைக் கேக்கேல்லை,” என்றார். “குடுத்திட்டன்.”

கரண்டியோடு நின்று அழுதேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. சாருஜா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தாள். அதையே சோற்றோடு பிசைந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம்.