ஏழாம் மாதத்தில் வரைந்த கோடு

அன்பு மகள் சின்னுவுக்கு,

நாங்கள் இருவரும் நலம், உன் அப்பாவின் முழங்கால்தான் மாடிப்படியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில், நான் பிறந்ததாலதானே உன் பேர் போச்சு, இந்த வயசுல இதைக் கிளறாதேம்மா என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோபம் வந்தது, பிறகு அழுகையும் வந்தது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

என் பழைய ஆய்வுக்கூடத்தில் போட்டோ மருந்து பூசிய அந்தக் கண்ணாடித் தகட்டை மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள், அணுக்கரு ஒன்று உடைந்து மூன்றாகச் சிதறிய தடம் பதிந்த தகடு. இப்படித் தகடுகளைப் பார்ப்பதுதான் அங்கே எனக்கு வேலை, அதை மைக்ராஸ்கோப்பில் முதலில் பார்த்தவள் நான். தூசிம்மா, துடைச்சுட்டு அடுத்ததைப் பாரு என்றார் எங்கள் புரொபசர். தூசி என்றால் மேலே கிடக்கும், இது மைக்ராஸ்கோப் குமிழைத் திருகத் திருக உள்ளே இறங்கிக்கொண்டே போனது. துடைக்காமல் நோட்டில் வரைந்து வைத்தேன். நான் பிரசவ விடுப்பில் இருந்தபோது அந்தத் தடத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை அவர் பேரில் வந்தது, கடைசி வரியில் தகடு பார்த்த பெண்களுக்கு நன்றி.

இப்போது வைக்கும் பெயர்ப்பலகையிலும் அவர் பேர்தான் என்று தெரிந்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரில் போனேன். அங்கே பொறுப்பில் இருக்கும் பெண் மரியாதையானவள், ஆனால் கறார். வாராவாரம் புரொபசரே கையெழுத்துப் போட்ட நோட்டு, தேதியில் அவளுக்குச் சந்தேகமில்லை. அவரும் தானாவே பார்த்து வரைஞ்சிருக்கலாமே மேடம் என்றாள். நியாயமான கேள்விதான். கட்டுரையில் அவர் வரைந்ததாகப் போட்ட படத்தில் நடுக்கோடு ஓரிடத்தில் வளைந்திருக்கும், அந்த வளைவுக்கு விளக்கம் என்று மனிதர் அரைப்பக்கம் அளந்திருக்கிறார். தகட்டை எடுத்துப் பாரும்மா என்றேன். பார்த்தாள், கோடு நேராக இருந்தது. பிறகு என் நோட்டைப் பிரித்துக் காட்டினேன், அதே இடத்தில் அதே வளைவு. ஏழாம் மாதம், வயிற்றின் மேல் நோட்டை வைத்து வரைந்துகொண்டிருந்தேன், நீ உதைத்தாய், பென்சில் துள்ளிவிட்டது. குழந்தை உதைத்தது, கோடு உண்மையில் நேர் என்று ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். படத்தை எடுத்துக்கொண்டவர் ஓரத்தைப் படிக்கவில்லை. அந்தப் பெண் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பலகையில் இனி என் பேர். என் பேருக்குக் கீழே உதவியாளர் என்று போடலாமா என்றாள், கூடாது என்றேன்.

பதினெட்டாம் தேதி திறப்பு, இன்றே டிக்கெட் போட்டுவிடு. கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். உன்னால் என் பேர் போனது என்று இனி எழுதாதே, அன்றைக்கு நீ உதைத்த உதையால்தான் அது திரும்பி வந்திருக்கிறது.

உன்னைச் சுமந்துகொண்டே அந்தத் தடத்தைக் கண்டுபிடித்த,
அம்மா