காத்திருக்கத் தெரிந்த மென்பொருளை நிறுத்த வேண்டாம்

அனுப்புநர்:
ஜெ. நஜீமா,
க/பெ. ஜெகபர் சாதிக்,
எடமலைப்பட்டி புதூர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
நிர்வாக அலுவலர் அவர்கள்,
பொன்னித்தீவு சிறுநீரக நல மையம்,
ஸ்ரீரங்கம்.

பொருள்: டயாலிசிஸ் நோயாளிகளை அழைக்கும் பணி அட்டவணை மென்பொருளை நிறுத்தும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கணவர் தங்கள் மையத்தில் டயாலிசிஸ் செய்துகொள்பவர். புதிய மென்பொருளை டிசம்பர் முதல் நிறுத்திவிட்டு, செலவில்லாத பழைய டைமருக்கே திரும்பப்போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். பாராட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தவளைப் புகார் எழுத வைத்துவிட்டீர்கள்.

1. அந்த டைமர் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வருவது. குறித்த மணிக்கு ‘வரவும்’ என்று செய்தி அனுப்பும். மருத்துவர் இருக்கிறாரா, இயந்திரம் தயாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சென்ற வைகுண்ட ஏகாதசியன்றும் அனுப்பியது. அன்று உள்ளூர் விடுமுறை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் மையமே கூப்பிடும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? காவிரிப் பாலத்தில் வண்டிகளைத் திருப்பிவிட்டதால் ஆட்டோக்காரர் ஆசாத் எங்களை அங்கேயே இறக்கிவிட்டார். கூட்டத்துக்குள் இவரைத் தாங்கிப் பிடித்தபடி நடந்தேன். மையம் பூட்டியிருந்தது. மறுநாள் இவருக்கு மூச்சுத் திணறி, வேறு மருத்துவமனையில் சேர்த்தோம். மிகவும் பயந்துவிட்டேன், ஐயா.

2. அடுத்து வந்தது எல்லோரும் திறந்து திருத்தக்கூடிய போன் காலண்டர். பார்க்க அழகுதான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்தார். லூர்து என்பவரும் என் கணவரும் ஒரே மணப்பெண்ணுக்கு இரண்டு மாப்பிள்ளைகள் மாதிரி ஒரே படுக்கைக்கு வந்து நின்றார்கள். மருத்துவர்கள் கூட்டம் போடக் காலண்டர் போதும். மாத்திரை வேளைக்கு மணியடிக்க டைமர் போதும். என் வீட்டிலும் அதுதான் அடிக்கிறது.

3. புதிய மென்பொருளின் அருமை வேறு. டயாலிசிஸுக்குப் பயன்படும் தண்ணீரின் பரிசோதனை சரியாக வந்தால்தான் இயந்திரம் தயார் என்று குறிக்கும். பிறகுதான் படுக்கை. படுக்கை உறுதியான பின்னரே எங்களுக்கும் ஆசாத்துக்கும் செய்தி. நடுவில் ஒன்று தடைபட்டால் மற்றதெல்லாம் நிற்கும். பொறுப்பாளருக்குத் தகவல் போகும். ஒருநாள் செய்தி வரவில்லையே என்று நான் போனில் சத்தம் போட்டேன். "தண்ணி டெஸ்ட் இன்னும் சரியா வரலக்கா. வீட்லயே இருங்க, ரெடியானதும் அதுவே கூப்பிடும்" என்றார் செவிலியர் பிரேமலதா. கூப்பிட்டது. அந்தத் தண்ணீரில் டயாலிசிஸ் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும்? நம் மாவட்டத்து உள்ளூர் விடுமுறைகூட அதற்குத் தெரியும். அன்று வரவேண்டியவர்களை முன்கூட்டியே வேறு நாளுக்கு மாற்றிவிடும். இதை உருவாக்கியவர்கள் யாரோ, அவர்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

4. அதைப் பழகுவதற்கு ஊழியர்கள் திணறியது உண்மை. ஆண்டுக் கட்டணம் உண்டு என்பதும் உண்மை. ஆனால் அடுத்த வைகுண்ட ஏகாதசி இந்த டிசம்பரிலேயே வருகிறது, ஐயா.

ஆகவே உத்தரவை ரத்து செய்து, அந்த மென்பொருளையே தொடரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். டைமர் மறுபடியும் ‘வரவும்’ என்று அனுப்பினால் என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எந்தக் கருவி அனுப்பியது என்று அவர் கேட்கமாட்டார். தாங்கள்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நம்புவார்.

தங்கள் நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெ. நஜீமா
(கையொப்பம்)

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 18.11.2025