மருந்துப் பை என் தோளில்

மார்ச் 3, திங்கள்

இன்றும் லிஃப்டில் ஏறாமல் தப்பித்தேன். ஐந்தாம் மாடி வார்டிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஐயாவை டயாலிசிஸுக்குத் தரைத்தளம் கொண்டுபோக வேண்டும். நோயாளியோடு நர்ஸும் லிஃப்டில் போக வேண்டும் என்பது விதி. நானோ ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிவிட்டு, வார்டு உதவியாளர் அண்ணனிடம் கண்ணாலேயே கெஞ்சி அவரைக் கூட அனுப்பிவிட்டு, படியில் ஓடினேன். தொண்ணூற்றாறு படி. கதவு திறந்தபோது மூச்சு வாங்க எதிரே நின்றேன்.

ஐயாவைப் பார்க்க வர ஆளில்லை. சாயங்காலம் பேப்பர் வாசித்துக் காட்டுவதுகூட நான்தான். கிண்டலுக்கு மட்டும் குறைவில்லை.

"சிஸ்டரம்மாவுக்கு எப்பவும் படிக்கட்டுப் பயணம்தான்."

மார்ச் 9, ஞாயிறு

பழக்கப்படுத்துகிறேன் என்று வீட்டுக்காரர் துணிக்கடை லிஃப்டுக்குக் கூட்டிப்போனார். ஒரே ஒரு மாடி. கதவு மூடத் தொடங்கியதும் வெளியே பாய்ந்துவிட்டேன். அவர் மட்டும் மேலே போய்த் திரும்பி வந்தார். வெளியே வந்து வண்டியை எடுத்தார். திட்டியிருந்தாலாவது தேவலை. ரத்தம், சீழ் எதற்கும் அசராதவள் ஒரு பெட்டிக்கு ஏன் இப்படி நடுங்குகிறேன்?

மார்ச் 12, புதன்

லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஐயாவும் அண்ணனும். நான் இரண்டாம் மாடியில், கதவுக்கு வெளியே.

"சிஸ்டர், ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டுது. பேச்சு குழறுது." உள்ளிருந்து அண்ணன் கத்தினார்.

சர்க்கரை இறங்கியிருக்கிறது. குளுக்கோஸ் மருந்துப் பையில் இருக்கிறது. பை என் தோளில்.

பதினோரு நிமிஷம். தட்டினேன், தட்டிக்கிட்டே இருந்தேன். பையையாவது உள்ள வச்சிருக்கக் கூடாதா? அதுகூடவா தோணல எனக்கு?

கதவு திறந்ததும் குளுக்கோஸ் கொடுத்தேன். பிழைத்துக்கொண்டார்.

மார்ச் 13, வியாழன்

நான் உள்ளேதான் இருந்தேன் என்று ஐயா தலைமை நர்ஸிடம் சாதித்திருக்கிறார். அண்ணனும் ஆமாம் போட்டாராம். விசாரணைத் தாளில் நானும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பேனாவை எடுத்தேன், வைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். "இனிமே லிஃப்ட்ல போவியா, மாட்டியா?" என்று கேட்டார் தலைமை நர்ஸ்.

மார்ச் 24, திங்கள்

வேலை போகவில்லை. தரைத்தளத்தில் கட்டு மாற்றும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். இனி லிஃப்ட் வேண்டியதே இல்லை. நல்லதாப் போச்சு என்கிறார் வீட்டுக்காரர்.

ஐயா இறங்கும் நேரத்துக்கு லிஃப்ட் வாசலில் போய் நின்றேன். கதவு திறந்தது. அவர் பக்கத்தில் புது நர்ஸ், தோளில் மருந்துப் பை. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தாள்.

"என்ன சிஸ்டரம்மா, இன்னைக்கு மூச்சே வாங்கல?"

என்னை இங்கே கீழேயே போட்டுவிட்டார்கள் என்றேன்.

"அப்ப மேல எனக்கு யாரு இருக்கா?"

அஞ்சு மணிக்கு வேலை முடிந்ததும் பேப்பரோடு வருகிறேன் என்றேன்.

"படியிலதானே?"

"ஆமாய்யா. படியிலதான்."

இவ்வளவுதான் என்னால் முடிகிறது.