இரண்டு லாடக் காந்தங்கள்

பிப்ரவரி 3

மெல்லிசைக் குழு ஒத்திகையில் இன்றும் அதே கதை. ஸ்டீல் கிட்டாரை மடியில் வைத்து முதல் வரியை இழுத்தேன். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது மாதிரி வந்தது. சவுண்ட்காரன் என் சத்தத்தை ஏற்றினான், இரைச்சல்தான் ஏறியது. லீடர் என் முகத்தைப் பார்க்காமலே, "அண்ணே, இந்தப் பாட்டுல நீங்க ரெஸ்ட் எடுங்க. கீபோர்டுலயே ஸ்டீல் சத்தம் இருக்கு, தம்பி போட்டுருவான்" என்றார். முப்பத்தொரு வருடம் வாசித்தவனுக்கு ரெஸ்ட். தம்பி ஒரு பொத்தானை அமுக்கினான். என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

எல்லாம் அந்த மனுஷனால் வந்தது. எட்டு வருடத்துக்கு முன் கிட்டாரின் வால்யூம் கன்ட்ரோல் மாற்றக் கொடுத்தேன். சொந்தத் தங்கையின் வீட்டுக்காரர், ரேடியோ மெக்கானிக், நம்பிக் கொடுத்தேன். கம்பி அதிர்வைச் சத்தமாக்கும் அசல் காயிலை உருவிக்கொண்டு டூப்ளிகேட்டைச் சொருகித் தந்துவிட்டார்.

பிப்ரவரி 4

அடுத்த கச்சேரியில் எனக்கு மூன்று பாட்டு. போன மாதம் ஏழு.

பிப்ரவரி 9

தங்கை மகளின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்திருக்கிறது. எட்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை, நேரில் எப்படி வருவாள்?

திருடன் வீட்டு விசேஷத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "திருடன் திருடன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, ஒரு தடவையாவது பிரிச்சுப் பாத்தீங்களா? வேலை தெரிஞ்ச யார்கிட்டயாவது காட்டி, டூப்ளிகேட்டுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம் நானும் போகல."

நியாயமான பேச்சு. இன்னொருவர் கையில் கொடுத்தால் மிச்சமும் போய்விடும் என்றுதான் இத்தனை நாள் கொடுக்கவில்லை. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். எனக்கு நானே கூட.

பிப்ரவரி 12

மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் கடையில் கொடுத்திருக்கிறேன். நடத்துவது முப்பது வயதுப் பெண். கிட்டாரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "எத்தனை ஹார்ஸ்பவர் சார் இது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கோவிச்சுக்காதீங்க. மோட்டார்னாலும் இதுன்னாலும் உள்ள காயிலும் காந்தமும்தானே. மூணு நாள் கழிச்சு வாங்க."

டூப்ளிகேட் என்று எழுதித் தர வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 15

காயில் அசல்.

வரிசையாக எழுதுகிறேன். அவள் மீட்டரை வைத்துக் காட்டினாள். "காயில் கல்லு மாதிரி இருக்கு. இந்த டேப்பை யாரும் பிரிச்சதே இல்ல, மெழுகுகூட பழசு. பொறந்ததுலேருந்து இதே காயில்தான் சார்."

அப்புறம் ஒரு குண்டூசியை எடுத்தாள். கம்பிகளுக்கு மேலே ஒன்றையொன்று பார்த்தபடி வளைந்து நிற்கும் இரண்டு லாடக் காந்தங்களுக்குக் கீழே, காயிலின் நடுவில் தொங்கவிட்டாள். ஊசி நிற்கவில்லை, விழுந்தது. திருகாணிகளைக் கழற்றிக் காந்தங்களை வெளியே எடுத்தாள். இரண்டும் டப்பென்று ஒட்டிக்கொண்டன. "இதுதான் கோளாறு. ஒண்ணைத் திருப்பி மாட்டியிருக்காங்க. ரெண்டும் தள்ளிக்கணும் சார். ஒட்டிக்கிட்டா சக்தி அதுங்களுக்குள்ளயே சுத்தும், கம்பிக்கு வராது."

ஒன்றைத் திருப்பினாள். விலகி ஓடப் பார்த்தது. முழங்கையால் அழுத்திப் பிடித்துத் திருகாணியை முடுக்கினாள். கம்பியைத் தட்டியதும் கடை முழுக்கச் சத்தம்.

"யார் சார் கடைசியா கழட்டினது?"

தெரியாது என்றேன்.

பிப்ரவரி 16

நான்தான்.

எழுதியாகிவிட்டது. வால்யூம் மாற்றி அவர் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலை. காந்தத்தில் துரு இருந்தது. மேடையில் பளபளவென்று இருக்கட்டுமே என்று கழற்றி உப்புத்தாள் போட்டேன். திரும்ப மாட்டும்போது சனியன் பிடித்த மாதிரி ஒன்று வழுக்கி வழுக்கி ஓடியது. இரண்டு கையும் போதவில்லை. சட்டென்று திருப்பி வைத்தேன், சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. என் கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் ஒத்திகையில் சத்தம் செத்துப்போயிருந்தது. ஒன்பது பேர் இருந்தார்கள். "என் மாப்பிள்ளைக்குக் கை சுத்தமில்ல. காயிலை மாத்திட்டான்" என்று அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னேன். விஷயம் கேள்விப்பட்டு அவரே ஓடி வந்தார். "மச்சான், நடுவுல நீ ஏதாவது கழட்டினியா?" என்றுதான் கேட்டார். "என்னையே கேக்கறியா" என்று பாய்ந்தேன்.

நிஜமாகவே மறந்துவிட்டேனா? இரண்டாம் நாள் ஒரு முறை தோன்றவில்லையா? தோன்றியது. அதற்குள் வாயை விட்டாயிற்றே.

பிப்ரவரி 17

கிட்டார் பெட்டியைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 20

மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "எப்பப் போய்ச் சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 22

தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறாராம். எந்த மெஷினைக் கொடுத்தாலும் பேச வைத்த கை, மாடி எண்ணை அமுக்கிக்கொண்டிருக்கிறது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அவருக்கு அன்னிக்கே தெரியும்ணா. வீட்டுக்கு வந்து ரெண்டு காந்தத்தை வெச்சு எனக்குக் காட்டினாரு."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"கழட்டினியான்னு கேட்டாரே. நீ என்ன சொன்ன?"

மடித்த புடவையை அடுக்கின் மேல் வைத்தாள்.

"கச்சேரிக்காரங்கதான் அவர் கடைக்குச் சோறு. ஒருத்தர் வரல. பத்து மாசத்துல ஷட்டரை இறக்கினோம். என்கிட்ட அழாதண்ணா. எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லு. சொல்லிட்டு கல்யாணத்துக்கு வா."

தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்டு வாங்கிக் குடிப்பேன்?

பிப்ரவரி 27

ஒன்பது பேரையும் நினைவுபடுத்தித் தேடினேன். வயலின்காரர் செத்து மூன்று வருடம். தபலாக்காரருக்குப் பக்கவாதம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், எல்லாவற்றுக்கும் சிரித்தார். புல்லாங்குழல்காரர் போனில், "எந்தக் காயில்?" என்றார். பேஸ் கிட்டார்காரன் சொன்னான்: "நீ சொன்னேன்னு நான் ஒரு இருபது பேர்கிட்ட சொன்னேனேப்பா. அவங்ககிட்ட யார் போய்ச் சொல்றது?" மூன்று பேரின் எண் கிடைக்கவில்லை.

பாடகி அம்மாவைப் பார்க்க நேரிலேயே போனேன். கடை, பெயர், ஆள் எதுவும் அவருக்கு நினைவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார்: "கை சுத்தமில்லாத ஒரு மெக்கானிக் இருந்தாரே, அவரா? யார் சொன்னாங்கன்னுதான் ஞாபகம் வரல."

நான்தான் சொன்னேன் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

மார்ச் 2

ஒத்திகை. கிட்டார் பேசியது. எட்டு வருடத்துக்குப் பிறகு என் சத்தத்தை நானே கேட்டேன். கீபோர்டு தம்பி பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு என்னையே பார்த்தான்.

அந்த ஒன்பது பேரில் இங்கே மிச்சம் லீடர் மட்டும். மற்றதெல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். எழுந்து நின்று சொன்னேன். மாப்பிள்ளை குற்றமில்லை, கழற்றியது நான், பொய் சொன்னதும் நான். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த மாப்பிள்ளை, என்ன பொய், அவர்களுக்கு என்ன தெரியும்?

"அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே? சத்தம் வந்துருச்சில்ல, அது போதும்" என்றார் லீடர். "வாங்க, ரெண்டாவது பாட்டு."

ஏழு பாட்டும் எனக்கே திரும்பி வந்துவிட்டது.

மார்ச் 8

கல்யாணம். மனைவி முன்னால் போய்விட்டாள், நான் மண்டப வாசலில் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றேன். பெண்ணைப் பெற்றவராக என் மாப்பிள்ளை வாசலிலேயே வரவேற்றுக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது.

"வாங்க சார், வாங்க" என்றார்.

பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களே, அதனால்தான் இந்த 'சார்' என்று எண்ணிக்கொண்டேன். கிட்டே போய்த் தாழ்ந்த குரலில், "மாப்பிள்ளை, சொல்லிட்டேன். கிடைச்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றேன்.

"உங்க தங்கச்சி சொன்னாங்க சார். ரொம்ப சந்தோஷம். சாப்பிடாம போயிடாதீங்க."

கோபமில்லை. குத்தலுமில்லை. வருகிற எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். எனக்குப் பின்னால் காக்கிச் சட்டையோடு ஒருவர் வந்தார், ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்ப்பவர் போல. மாப்பிள்ளையின் முகமே மாறிவிட்டது. "வா மச்சான், ஏன்டா இவ்வளவு லேட்டு?" என்று அவர் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

நான் அவர்களுக்கு வழிவிட்டு நின்றேன்.